எல்லை தாண்டாத மனு

அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லித்தான் நான் சாப்பிடுகிறேன். கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், போட்டோக் கொப்பிக் கடை ஒன்றின் மேல்மாடியில், ஒரு மேசையும் மூன்று கதிரையும் என் சாம்ராஜ்யம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று கதவில் பலகை தொங்குகிறது. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகரத்துத் தீர்ப்பு, எது வந்தாலும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் மாற்றி, அடியில் முத்திரை குத்திக் கொடுப்பேன். உள்ளே எழுதியிருப்பது சரியா பிழையா என்று பார்ப்பது என் வேலையில்லை. இருபது வருடமாக இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காஸ் வரிசையும் பெட்ரோல் வரிசையும் ஓய்ந்து நாடு கொஞ்சம் மூச்சு விட்ட நேரத்தில், ஒரு நாள் காலை, கருங்கல் உடைக்கும் கம்பெனி ஒன்றின் மனேஜர் படியேறி வந்தார். சிங்களவர். சாதுவான மனிதர், உட்காருவதற்கு முன் என்னிடம் அனுமதி கேட்டவர். கையில் தடித்த அறிக்கை ஒன்று இருந்தது. பன்விலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பாறை உடைக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் தமிழர்கள் என்பதால் சுருக்கத்தைத் தமிழிலும் கொடுக்க வேண்டுமாம். தோட்டத்தின் பெயரைப் படித்தேன். நான் பிறந்த தோட்டம். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை கைமாறிப் போகும் என்று பயந்தேன்.

அறிக்கையின் கடைசி அத்தியாயத்தின் தலைப்பு இது: அபிவிருத்தி அடைந்துவரும் நாடொன்றுக்குக் கனிய அகழ்வினால் கிடைக்கும் பொருளாதார நன்மைகள். வேலைவாய்ப்பு. அரசுக்குக் கிடைக்கும் உரிமைக் கட்டணம். வெளியிலிருந்து இறக்க வேண்டியதை உள்ளூரிலேயே எடுப்பது. கல் போகிற பாதை ஊருக்கும் பாதையாவது. லொறிக்காரன், டயர் கடைக்காரன், சோத்துக் கடைக்காரன் என்று பணம் பல கைகளுக்குப் பரவுவது. நான் அதைச் சும்மா மாற்றிக் கொடுக்கவில்லை, ரசித்து எழுதினேன். எனக்கு அதில் நம்பிக்கை இருந்தது. வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு மூன்று நாள் ரோட்டில் நின்றவன் நான். மண்ணுக்கடியில் இருப்பதை எடுத்து விற்காமல் இந்த நாடு எப்படி எழுந்து நிற்கும் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், நானே அவர்களோடு சேர்ந்து கத்தியிருப்பேன்.

ரசித்ததோடு நிற்கவில்லை. மூலத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன். 'தோட்டத்துப் பிள்ளைகள் இனி வேலை தேடிக் கொழும்புக் கடைகளுக்குப் போக வேண்டிய தேவை இராது.' என் அக்காவின் மகன் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் மூட்டை தூக்குகிறான். அவனை நினைத்துத்தான் எழுதினேன். மனேஜரிடம் அந்த இடத்தைக் காட்டியபோது சிரித்துத் தலையாட்டினார். முத்திரை குத்தினேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஏழு வயதில் அம்மாவும் அடுத்த வருடமே அப்பாவும் போய்விட்டார்கள். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டு மலைக்குப் போய்க் கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்தாள். அவள் இருப்பது பணிய லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளான ஆறு லயங்களில் ஆகக் கீழே இருப்பதில். அதற்கு நேர் மேலேதான் அந்த மொட்டைப் பாறை. பாறையின் அடிவயிற்றிலிருந்து ஒரு ஊற்று கசிந்து, மூங்கில் வழியாக லயத்துப் பக்கம் கொட்டும். அதைப் பீலி என்போம். குடிக்க, குளிக்க, உடுப்புத் துவைக்க, சாமி கும்பிட எல்லாம் அந்தத் தண்ணீர்தான். எந்தக் கோடையிலும் அது நின்றதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அக்காவும் மச்சானும் லயத்து ஒற்றை அறையான காம்பராவுக்குப் பின்னால் சொந்தக் கையால் சமைக்க ஒரு குசினியும் படுக்க ஒரு அறையும் கட்டியிருந்தார்கள். காணி அவர்களுடையதல்ல. உறுதி கிடையாது. ஆனால் சுவர் அவர்களுடையது. பீலியும் அந்தச் சுவரும்தான் அவர்களுக்கென்று இருந்த சொத்து. இரண்டும் பாறைக்கடியில் இருந்தன.

பாறை உடைப்பது பற்றிய அறிவித்தல் தோட்டத்துக் கோயில் சுவரில் ஒட்டப்பட்ட அடுத்த வாரம் அக்கா பஸ் ஏறி என் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் தமிழ்ச் சுருக்கம். அதை மேசையில் விரித்துவைத்து, அடியில் இருந்த என் முத்திரையின் மேல் விரலை வைத்தாள்.

"இத எழுதுனவருக்கு நல்லா எழுத வருது," என்றாள்.

நான் டீ சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"டீ கெடக்கட்டும். கொழும்புக்குப் போக வேணாம்னு எழுதியிருக்கே, நெசமாவா?"

"கம்பெனி சொல்லுது அக்கா."

"கம்பெனிதானா." முத்திரையிலிருந்து விரலை எடுத்தாள். "சரி, அவுங்களுக்கு எழுதிக் குடுத்துட்ட. இப்ப நமக்கு ஒன்னு எழுதிக் குடு. வெடி வெச்சா பீலி நின்னுரும். வீடு விரிஞ்சு போகும். அத சிங்களத்துல, அவுங்களுக்கு ஒறைக்கிற மாதிரி எழுது."

எழுதிக் கொடுத்தேன். அதுவும் நன்றாகத்தான் வந்தது. என் தொழிலின் லட்சணம் அப்படி. ஆட்சேபனை மனுவைக் கண்டியில் ஒரு அலுவலகத்தில் ஒரு வெள்ளிக்கிழமைக்குள் நேரில் கொடுக்க வேண்டும் என்று அறிவித்தலில் இருந்தது. அந்தத் தேதியை அவளுக்குச் சொன்னேன். அவள் விரல்விட்டு எண்ணினாள்.

"அதுக்கு முந்தின சனிக்கெழம நமக்குக் காப்பு," என்றாள். "எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி அம்மன் காலடியில வெச்சிருவோம். நீதான் தேருக்கு வருவல்ல, புதன்கெழம. அப்ப எடுத்துட்டு வந்து குடுத்துரு."

"சரிக்கா," என்றேன்.

இதை வெளியாருக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும்போது, எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொருவரும் கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள்; கட்டினவர் எட்டு நாளைக்கு எல்லை தாண்ட மாட்டார். கீழே ஓடைப் பாலம்தான் எல்லை. ஆஸ்பத்திரி என்றால்கூட ஆயிரம் யோசனை. வெளியில் இருப்பவன் உள்ளே வரலாம், திரும்பிப் போகலாம். அதே மாதிரி, முக்கியமான கடதாசி எதுவும் அம்மன் காலடியில் இருந்துவிட்டுத்தான் வெளியே போகும். கல்யாணப் பத்திரிகை, வேலைக்கான விண்ணப்பம், மத்திய கிழக்குக்குப் போகிற பெண்ணின் பாஸ்போட், எல்லாம். என் பரீட்சை அனுமதி அட்டையும் ஒரு காலத்தில் குங்குமத்தோடுதான் பரீட்சை மண்டபத்துக்குப் போனது. ஆகவே ஆறு லயத்துக் கையெழுத்தும் பெருவிரல் அடையாளமும் விழுந்த அந்த மனு, காப்புக் கட்டின சனிக்கிழமையே அம்மன் காலடிக்குப் போய்விட்டது. அதை வெளியே கொண்டுவரக்கூடிய ஒரே ஆள், எல்லைக்கு வெளியே இருந்த நான்.

செவ்வாய்க்கிழமை மனேஜரிடமிருந்து அழைப்பு வந்தது. மறுநாள் காலை கண்டியில் ஒரு ஹோட்டலில் கூட்டம், அதிகாரிகள் வருகிறார்கள், தமிழ் ஆட்களும் ஐந்தாறு பேர் இருப்பார்கள், நன்மைகள் பற்றிய பகுதியை நீங்களே தமிழில் சொல்ல வேண்டும், உங்கள் தமிழ் அவ்வளவு அழகு என்கிறார்கள் என்றார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். புதன்கிழமை எனக்குத் தேர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் வற்புறுத்தியிருக்க மாட்டார். எனக்குப் புகழ்ச்சி பிடித்திருந்தது. கூட்டம் பகலோடு முடியும், பிறகு பஸ் ஏறலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கூட்டத்தில் நன்றாகப் பேசினேன். ஒரு வீதி போட எவ்வளவு கல் வேண்டும், பாலம் கட்ட எவ்வளவு கல் வேண்டும், கல் இல்லாத நாடு எங்கே போய் நிற்கும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். கைதட்டினார்கள். சாப்பாட்டு மேசையில் மனேஜர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தான் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றும், ஒரு கோயில் விழாவுக்கு அரிசி மூட்டைகளோடு போவதாகவும், அங்கே தமிழில் இரண்டு வார்த்தை பேச ஆசை என்றும் சொன்னார். அவர் நீட்டிய துண்டுக் கடதாசியில் சிங்கள எழுத்தில் தமிழை எழுதிக் கொடுத்தேன். 'உங்க பிள்ளையா நெனச்சு என்னை ஏத்துக்கங்க. அம்மன் எல்லாரையும் காப்பாத்தட்டும்.' உச்சரிப்புச் சரியாக வரும் வரைக்கும் மூன்று தரம் சொல்லிக் காட்டினேன். எந்தக் கோயில் என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டது எனக்குத் தெரிந்திருந்ததால்தான்.

அவர் போன பிறகு போனை எடுத்துப் பார்த்தேன். அக்காவின் அழைப்பு ஏழு. தோட்டத்தில் சிக்னல் பிடிக்க மொட்டைப் பாறை வரைக்கும் ஏற வேண்டும். ஏழு தரமும் ஏறியிருக்கிறாளா, இல்லை அங்கேயே நின்றுகொண்டிருந்தாளா என்று யோசித்தேன். திரும்ப எடுக்கவில்லை. இப்போது கிளம்பினால் அங்கே மனேஜரின் வாகனம் நிற்கும், அவர் முன்னால் அந்த மனுவைக் கையில் வாங்க வேண்டும். அந்த வெட்கத்துக்குப் பயந்து பஸ் ஏறவில்லை. வியாழக்கிழமை ஒன்று மிச்சம் இருந்தது. வியாழனும் போகவில்லை. தலையிடி என்று மனைவியிடம் சொல்லிப் படுத்துக் கிடந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் பாறையை உடைக்கட்டும் என்றுதான் இருந்தது. கைதட்டு வாங்கினவனுக்கு அது ஏன் இருக்காது.

காப்பு அறுத்த அடுத்த நாள் நானே அழைத்தேன். மனுவை யாரிடமாவது கொடுத்து அனுப்பினீர்களா என்று, ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டேன்.

"இல்ல," என்றாள் அக்கா. "அத இனிமே குடுக்க முடியாது தம்பி." போனை வைத்துவிட்டாள்.

தேதி போனதைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே அருவருப்பு வருகிறது.

பாறை உடைக்கத் தொடங்கினார்கள். அடுத்த திருவிழா வரும் வரை நான் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. சேதி மட்டும் வந்தது. அறிக்கையில் சொன்ன ஒவ்வொன்றும் நடந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். தார் ரோட்டு வந்தது. பதினொரு பேருக்கு வேலை கிடைத்தது, அதில் என் மச்சானும் ஒருவர். லொறிக்காரர்களை நம்பிப் பாலத்தடியில் இரண்டு சாப்பாட்டுக் கடைகள் முளைத்தன. அந்தக் கல்லில் எங்கோ ஒரு பாலமும் எழும்பியிருக்கும். அறிக்கையில் பொய் இல்லை. பொய்யென்று ஒன்று இருந்தால் அது நான் சேர்த்த வாக்கியம்தான். அக்காவின் மகன் இன்னும் கொழும்பில் மூட்டை தூக்குகிறான். கல்லுடைக்க ஆள் போதுமாம்.

அந்தத் திருவிழாவுக்கு, தேருக்கு முதல்நாள், போனேன். வேன் தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு ஏறியது. முன்பு ஒன்றரை மணி நேரம் குலுங்கிக்கொண்டு போகும் வழி. ரோட்டோரத் தேயிலை எல்லாம் வெள்ளையாக இருந்தது. இலையைத் தொட்டால் விரலில் கல்தூள் மா மாதிரி ஒட்டியது. கோயில் முன்னால் கரகம் பாலிக்கிற, அதாவது நீர் நிரப்பி அலங்கரித்து எடுக்கிற, நேரம். கரகத்துக்குப் பீலியில்தான் தண்ணீர் எடுப்பது, நான் பிறந்த காலத்திலிருந்து அதுதான் வழக்கம். மேளக்காரர்களுக்குப் பின்னால் நானும் நடந்தேன். ஊர்வலம் பீலிக்குத் திரும்பும் முடக்கில் திரும்பவில்லை. நேராகப் போய், கம்பெனி கொடுத்த நீலப் பிளாஸ்டிக் தொட்டிக்கு முன்னால் நின்றது. பூசாரி குழாயைத் திறந்தார். தண்ணீர் கொஞ்சம் துப்பிவிட்டு நின்றுபோனது. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வந்து மூன்று நாளாம். யாரோ ஒரு போத்தலைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். மேளம் மட்டும் நிற்கவில்லை.

பீலி இருந்த இடத்தைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். முதலில் பால் மாதிரி வந்ததாம், பிறகு நூல் மாதிரி, பிறகு இல்லை. மூங்கிலை யாரோ விறகுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். பாசி காய்ந்து கருகிக் கிடந்தது. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதேன். அழுததால் என்ன வந்தது என்று கேட்டால் ஒன்றும் வரவில்லை.

அக்கா வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் உள்ளே சுவரில் சாய்ந்தபடியே கண்ணை மூடியிருந்தார். கல் அரைக்கிற மெசினடியில் வேலை. படுத்தால் இருமல் தூக்கிப் போடுகிறதாம், அதனால் உட்கார்ந்தே தூங்கப் பழகிவிட்டார். அவர்கள் கட்டின குசினிச் சுவரில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. வெடிப்பின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை அதிகாரிகள் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் விலகுகிறது என்று அர்த்தமாம். கண்ணாடி உடைந்திருந்தது. யாரும் வந்து பார்க்கவில்லை.

எனக்கு டீ கொடுத்தாள். குடித்துக்கொண்டே, எப்படியோ வாயில் வந்து, போன வருடத்துக் கதையை எடுத்தேன். தேதி போகாமல் இருந்திருந்தால் என்று தொடங்கினேன்.

"தேதியா?" என்றாள். சுளகைக் கீழே வைத்தாள். "தேதியால இல்ல தம்பி. புதன்கெழம தேர் வடம் புடிக்கிறதுக்கு முன்னுக்கு மொத மரியாத குடுக்கணும்ல. அந்த வருசம் பரிவட்டத்த ஒனக்குக் கட்டுறதுன்னு கமிட்டியில பேசி முடிச்சிருந்தாங்க. நம்மளுக்காக மனு எழுதுன புள்ளைன்னு. துணிய மடிச்சு அம்மன் காலடியில, அந்த மனுவுக்கு மேலதான் வெச்சிருந்தோம்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ஒனக்காகத் தேர நிப்பாட்டி வெச்சோம். ரெண்டு மணி நேரம். நான் பாறைக்கும் கோயிலுக்கும் நடக்குறேன், நீ எடுக்கல. காலடியில வெச்ச துணி தலை ஏறாமத் தேர் நகரக் கூடாது. அந்த நேரம் பாத்துக் கம்பெனி தொரை வந்தாரு, அரிசி மூட்டையோட. கைய கூப்பிக்கிட்டு, ஒங்க புள்ளையா நெனச்சு ஏத்துக்கங்கன்னாரு. அழகாத் தமிழ் பேசுனாரு. பூசாரி என்னைப் பாத்தாரு. நான் என்னா சொல்றது. துணிய அவருக்குக் கட்டிட்டாங்க."

உள்ளே மச்சான் இருமினார். அக்கா அது முடியும் வரை காத்திருந்தாள்.

"அம்மன் துணியக் கட்டுன தலைக்கு எதுரா எப்புடி மனுக் குடுக்குறது, சொல்லு. ஊர்ல ஒருத்தனும் அதத் தொட மாட்டேன்னுட்டான். இன்னும் அங்கதான் கெடக்கு."

அந்தத் தமிழை நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறவள். நான் சொல்லத் தேவை இருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

எழுந்து உள்ளே போய் ஒரு வெள்ளைக் கடதாசியும் பேனையும் கொண்டுவந்தாள். பணிய லயத்து வீடுகள் இருக்க லாயக்கில்லை, வேறு இடத்தில் காணியும் உறுதியும் வேண்டும் என்று சிங்களத்தில் எழுதச் சொன்னாள். என் முழங்காலில் வைத்தே எழுதினேன். அலங்காரம் இல்லாமல், அவள் சொன்னதை மட்டும், ஒரு சொல் கூட்டாமல் எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னாள், தமிழில் சொன்னேன். மறுபடியும் ஒரு தரம் சொல்லச் சொன்னாள்.

"தேர் முடிஞ்சதும் நாளைக்கே நான் கண்டிக்குக் கொண்டுபோய்க் குடுத்துர்றேன் அக்கா," என்றேன். "இந்தத் தடவ கட்டாயம்."

கடதாசியை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்தாள். கோயில் பக்கம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"வேணாம் தம்பி, எழுதிக் குடுத்ததே போதும்," என்றாள். "நான் இந்த வருசம் காப்புக் கட்டல."

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, பன்விலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று மச்சானிடம் கேட்டாள். தேருக்கு முதல்நாள், மேளம் அடித்துக்கொண்டிருக்கும்போது, என் அக்கா ஓடைப் பாலத்தைத் தாண்டித் தனியாக நடந்து போனாள்.